சந்திரனுக்குச் சாட்சிகள்

சந்திரனைப் போட்டோ பிடிக்க முதன்முதலில் முனைந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பட்டியல் வேடிக்கையாக அமைந்தது. ஒருவர் ரசாயன வாத்தியார். ஒருவர் கடிகாரம் செய்கிறவர். ஒருவர் ஊர்க்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்துப் பிழைத்தவர். ஒருவர் சீட்டுக்கட்டும் தபால் தலையும் அச்சடித்தவர். ஒருவர் வக்கீல். ஒருவர் டாக்டர். ஒருவர் இரும்புப் பட்டறை முதலாளி. வான சாஸ்திரத்தை ஒரு படிப்பாகப் படித்து, அந்தப் படிப்பைக் கொண்டு பிழைக்க வந்தவர் இந்த ஏழு பேரில் ஒருவர்கூட இல்லை.

இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். அந்தச் சொல் நமக்கும் புதிதல்ல. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதிலிருந்து, பகலில் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்விட்டு இரவில் அரிதாரம் பூசிக்கொண்டவர்களை நாமும் 'அமெச்சூர்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். சொல்லும்போது, 'ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள், பிழை பொறுத்தருள்க' என்ற தொனி நம் குரலில் வந்துவிடும். ஆனால் அது பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் மூலப்பொருள், நேசிக்கிறவன் என்பது. கூலிக்காக அல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவன். அந்தப் பொருளில் பார்த்தால் அமெச்சூர் என்பது குறையே அல்ல.

ஆசை இருந்தது சரி. அதனால் உலகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏனென்றால், அந்தக் காலத்தில் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தவனுக்குத் தெரிந்ததில் பாதிகூட அந்தப் போட்டோக்களில் விழவில்லை. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற ஒன்றை, மங்கலாகவும் சிறிதாகவும் பிளேட்டில் இறக்குவதற்காக ஒரு மனிதன் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? இதற்குப் பதில் கிடைக்க அவர்களுக்கே பல வருஷங்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

போட்டோ வருவதற்கு முன்னால் சந்திரனைக் கையால்தான் வரைந்தார்கள். அதில் தலைசிறந்த வேலை பெர்லின் நகரத்தில் நடந்தது. வில்ஹெல்ம் பேயர் என்று ஒரு பாங்கி முதலாளி. அவர் தம் வீட்டிலேயே ஒரு சிறு வான ஆராய்ச்சிசாலை கட்டினார். அவருடைய நண்பர் யோஹான் மாட்லர் அங்கே டெலஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். டெலஸ்கோப்பின் லென்ஸ் நான்கு அங்குலம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு அறுநூறு இரவுகள் உழைத்து, 1834 முதல் 1836 வரை சந்திரனின் பெரிய படத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் அதை மிஞ்சிய படம் கிடையாது.

1839-ல் பாரிஸில் தாகேர் என்பவர் வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் ஒளியைக் கொண்டே படம் எழுதும் வித்தையைக் கண்டுபிடித்தார். வான சாஸ்திரி அராகோ அதைப் பிரெஞ்சுச் சட்டசபையில் புகழ்ந்து பேசியபோது, இனிமேல் சந்திரனின் படத்தை இந்தத் தகடே எழுதிவிடும், வருஷக்கணக்கான வேலை நிமிஷக்கணக்கில் முடிந்துவிடும் என்று நம்பிக்கை தெரிவித்தார். பெரிய மனிதர்களின் நம்பிக்கைகள் பலவற்றைப் போலவே இதுவும் நிறைவேறியது; ஆனால் அவர் நினைத்ததைவிட மெதுவாக நிறைவேறியது.

முதல் வெற்றி நியூயார்க்கில் கிடைத்தது. ஜான் வில்லியம் டிரேப்பர் அங்கே கல்லூரியில் ரசாயனம் கற்பித்து வந்தார். இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர். ஒளி பட்டால் பொருள்கள் எப்படி மாறுகின்றன என்பது அவருக்குப் பிடித்த ஆராய்ச்சி. தாகேரின் ரகசியம் அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். 1839-40 குளிர் காலத்தில் சந்திரன் பக்கம் திரும்பினார். 1840 மார்ச் 23 அன்று நியூயார்க் இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தில் தம் வெற்றியை அறிவித்தார். படத்தின் குறுக்களவு ஓர் அங்குலம். அதை எடுக்க ஆன நேரம் இருபது நிமிஷம்.

இந்த இருபது நிமிஷத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். வானத்தில் சந்திரன் தன் அகலத்துக்குச் சமமான தூரத்தைச் சுமார் இரண்டு நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. பூமி சுழல்வதனால் வருகிற ஓட்டம் இது. எனவே, கருவியை அசையாமல் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் காத்திருந்தால், சந்திரனுக்குப் பதில் ஒரு வெள்ளைக் கோடுதான் தகட்டில் விழும். டிரேப்பர் ஒரு கண்ணாடியைக் கடிகார இயந்திரத்தில் பொருத்தி, சந்திர ஒளி ஒரே இடத்தில் விழும்படி திருப்பிக்கொண்டே இருக்கச் செய்தார். அப்படியும் கிடைத்தது கறையும் வெளிச்சமுமான ஓர் அங்குல நிலா. பேயரும் மாட்லரும் வரைந்த படத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கவே முடியாது.

அடுத்த அடியை ஹார்வர்டில் எடுத்து வைத்தார்கள். அங்கே வான ஆராய்ச்சிசாலையின் முதல் தலைவராக இருந்த வில்லியம் பாண்டு, பாஸ்டன் நகரத்தில் கடிகாரம் செய்து பிழைத்தவர். கல்லூரி அவரை 1839-ல் நியமித்தபோது சம்பளம் எதுவும் தரவில்லை. பிற்பாடு அங்கே 15 அங்குல லென்ஸ் கொண்ட பெரிய டெலஸ்கோப் வந்தது. அதன் முனையில் பாஸ்டன் போட்டோக்காரர் ஜான் விப்பிள் தம் தகட்டைப் பொருத்தினார். பாண்டும் அவர் மகனும் உதவ, நல்ல நிலாப் படங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குப் போனது.

அந்தப் பொருட்காட்சியில் தபால் உறைகளைத் தானே மடிக்கும் ஓர் இயந்திரமும் இருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் வாரன் டி லா ரூ. தாமஸ் டி லா ரூ கம்பெனி என்ற குடும்ப அச்சகத்தின் பங்காளி. இந்தக் கம்பெனியின் கைவேலையை நம் முன்னோர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விக்டோரியா மகாராணியின் தலை போட்ட இந்தியத் தபால் தலைகளை 1855 முதல் அச்சடித்தது இந்தக் கம்பெனிதான். 1925-ல் நாசிக்கில் அச்சகம் ஏற்படும் வரையில் நம் தபால் தலைகள் அங்கிருந்துதான் வந்தன. தஞ்சாவூரிலிருந்து ரங்கூனுக்குப் போன கடிதத்திலும் திருநெல்வேலியிலிருந்து காசிக்குப் போன கடிதத்திலும் டி லா ரூ வீட்டு அச்சுத்தான் ஒட்டியிருந்தது.

இந்த மனிதர் ஏற்கெனவே சந்திரனிடம் அகப்பட்டுக்கொண்டவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் இயந்திர விஷயமாக ஜேம்ஸ் நாஸ்மித் என்ற எஞ்சினீயரின் பட்டறைக்குப் போயிருந்தார். நீராவிச் சம்மட்டியைச் செய்து பேர் வாங்கிய அதே நாஸ்மித். போன இடத்தில் அவர் டெலஸ்கோப்புக்காக உலோகக் கண்ணாடி வார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் பேசப் போனவர் வான சாஸ்திரப் பைத்தியத்தோடு திரும்பினார். தாமே 13 அங்குலக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றி, லண்டனில் தம் வீட்டில் ஒரு டெலஸ்கோப் அமைத்துக்கொண்டார். பொருட்காட்சியில் விப்பிளின் நிலாவைப் பார்த்ததும், 'நாமும் எடுக்க வேண்டும்' என்று தோன்றிவிட்டது.

அவருடைய அதிர்ஷ்டம், அதே 1851-ல் ஆர்ச்சர் என்பவர் புதிய முறை ஒன்றை வெளியிட்டார். இதை ஈரப் பிளேட் முறை என்பார்கள். ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். இருட்டறையில் அதை வெள்ளி உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்டக் கருவியில் பொருத்திப் படம் எடுத்து, காய்வதற்குள் ஓடிப்போய்க் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் எல்லாம் போச்சு. வேலை செய்தவர்களின் விரல்கள் வெள்ளி உப்புப் பட்டுக் கறுத்துப் போகும். ஆனால் பயன் பெரிது. இருபது நிமிஷம் கேட்ட சந்திரன், இப்போது பத்து முதல் முப்பது வினாடிக்குள் விழுந்தது. தகட்டில் இருப்பது ஒரே பிரதி. கண்ணாடி நெகடிவிலிருந்தோ எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

1852-ன் கடைசியில் டி லா ரூ வேலையைத் தொடங்கினார். அவருடைய டெலஸ்கோப்பில் சந்திரனைத் தொடர்ந்து ஓடும் கடிகார இயந்திரம் கிடையாது. ஆகையால் பிளேட்டை ஒரு சறுக்குச் சட்டத்தில் வைத்து, சந்திரனின் ஒரு பள்ளத்தைக் குறியாகக் கொண்டு, கையாலேயே நகர்த்தினார். டெலஸ்கோப்பின் வாயைத் திறந்து மூட ஒரு நண்பர் வேண்டியிருந்தது. முப்பது வினாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்புவதைக் கற்பனை செய்து பாருங்கள். கை நடுங்கினால் மலை அழிந்துவிடும். இப்படிச் சில படங்கள் எடுத்த பிறகு, 'இது ஒழுங்கான வழியல்ல' என்று நிறுத்திவிட்டார். வருஷங்கள் காத்திருந்து, 1857-ல் லண்டனுக்கு வெளியே கிரான்போர்டில் புதிய வீடும் கடிகார இயந்திரமும் அமைத்துக்கொண்ட பிறகுதான் மறுபடி முழு மூச்சாக இறங்கினார். காத்திருக்கத் தெரிந்த வியாபாரி.

அவர் செய்த ஒரு காரியம் லண்டனையே வியக்க வைத்தது. சந்திரன் நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்றாலும், மாதத்துக்கு மாதம் அந்த முகம் இலேசாக அசைந்துகொடுக்கிறது. தாலாட்டுக்குத் தலையாட்டும் குழந்தையைப் போல. அசைவின் இரண்டு நிலைகளில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரட்டைக் கண்ணாடிப் பெட்டி வழியாகப் பார்த்தால், நிலா தட்டாக இல்லாமல் பந்தாக உருண்டு நிற்கும். கண்ணால் எவனும் பார்க்க முடியாத காட்சி அது. ஏனென்றால் அவ்வளவு அகலமாக விலகி நிற்கும் இரு கண்கள் மனிதனுக்கு இல்லை. போட்டோ கண்ணுக்குத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், முதன்முறையாகக் கண்ணை வென்றது இந்த இடத்தில்தான்.

இதற்கிடையில் நியூயார்க்கில் ரசாயன வாத்தியாரின் மகன் வளர்ந்துவிட்டான். ஹென்றி டிரேப்பர் டாக்டருக்குப் படித்தார். பட்டம் பெற வயது போதாமல் ஐரோப்பாவைச் சுற்றப் போனபோது, அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் ஆறடிக் கண்ணாடி கொண்ட ராட்சச டெலஸ்கோப்பைப் பார்த்தார். அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் உலோகத்தில் ஒரு கண்ணாடி செய்தார். குளிர் காலத்தில் அதன் தாங்கிக்குள் புகுந்த சில துளித் தண்ணீர் உறைந்து விரிந்ததில் அது இரண்டாகப் பிளந்துவிட்டது. 1860-ல் தந்தை இங்கிலாந்து போனபோது சர் ஜான் ஹெர்ஷல் ஒரு யோசனை சொன்னார்: 'உலோகம் வேண்டாம், கண்ணாடியைத் தேய்த்து மேலே வெள்ளி பூசச் சொல்லுங்கள்.' மகன் அப்படியே செய்தார். சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைத் தேய்த்துப் பழகினார். கடைசியில் பதினைந்தரை அங்குலக் கண்ணாடி ஒன்று சரியாக அமைந்தது. ஹட்சன் நதிக்கரையில் தந்தையின் தோட்டத்தில் அதை நிறுத்தினார்.

கனமான டெலஸ்கோப் முழுவதையும் ஓட்டுவதற்குப் பதில், பிளேட் வைக்கும் சட்டத்தை மட்டும் ஓட்டினால் போதும் என்று கண்டுகொண்டார் ஹென்றி. அதை ஓட்டுவதற்கு என்ன உபயோகித்தார் தெரியுமா? தண்ணீர்க் கடிகாரம்! ஒரே சீராக வடியும் நீரின் இறக்கத்தைக் கொண்டு சட்டத்தை நகர்த்தினார். நம் கோயில்களில் பொழுதளந்த நாழிகை வட்டிலுக்கு அது தூரத்து உறவு. 1863-ல் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு நிலா நெகடிவ்கள் எடுத்தார். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம். அவற்றில் மிகச் சிறந்தவற்றை மூன்றடி வரையிலும், ஒன்றை ஐம்பது அங்குலம் வரையிலும் பெரிதாக்க முடிந்தது. ஆயிரத்து ஐந்நூறில் தேறியவை ஒரு சில. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதே நகரத்தில் லூயிஸ் ரதர்பர்டு என்பவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வீட்டுத் தோட்டத்தில் டெலஸ்கோப் வைத்திருந்தார். அவருக்கு ஒரு சங்கடம். லென்ஸ் வழியாகப் பார்த்தால் நிலா கத்தி முனையைப் போல் கூர்மை. படம் எடுத்தால் மங்கல். காரணம், கண் மஞ்சள் ஒளியில் நன்றாகப் பார்க்கிறது; அந்தக் காலத்துப் பிளேட்டோ நீலத்தையும் ஊதாவையும் மட்டும்தான் பார்த்தது. கண்ணுக்காகச் செய்த லென்ஸ் நீலத்தை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. அதனால் அவர் கண்ணுக்குச் சற்றும் உதவாத, பிளேட்டுக்கு மட்டுமே பொருந்திய 11¼ அங்குல லென்ஸ் ஒன்றை 1864-ல் செய்து முடித்தார். மறு வருஷம் மார்ச்சில் அதைக் கொண்டு அவர் எடுத்த நிலா, அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த நிலா.

இத்தனைக்கும் ஒரு மனிதர் தலையசைக்கவில்லை. டி லா ரூவுக்கு ஆசை காட்டிவிட்ட நாஸ்மித்தான் அவர். 48 வயதில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று, சந்திரனை விடாமல் பார்த்து வரைந்தவர். அவர் எழுப்பிய ஆட்சேபம் சரியானது. பூமியின் காற்று எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. சாலையில் வெயில் நேரத்தில் கானல் நடுங்குவதைப் போல. பார்க்கிறவன் பொறுமையாகக் காத்திருந்தால், காற்று கணநேரம் அமைதியாகும்போது பள்ளத்தின் உட்சுவர் பளிச்சென்று தெரியும். அந்தக் கணத்தை அவன் மனத்தில் வைத்துக்கொள்வான். பிளேட்டுக்கு அந்த விவேகம் கிடையாது. நல்ல கணத்தையும் கெட்ட கணத்தையும் ஒன்றாகக் கொட்டிக் குழப்பிவிடும்.

எனவே நாஸ்மித் வேறு வழி செய்தார். தாம் வரைந்த படங்களைக் கொண்டு சந்திரனின் மலைகளையும் பள்ளங்களையும் சுண்ணச் சாந்தில் செய்தார். அவற்றை வெயிலில் சாய்வாக வைத்துப் போட்டோ பிடித்தார். கார்ப்பெண்டர் என்பவருடன் சேர்ந்து 1874-ல் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அடடா, எவ்வளவு அழகான படங்கள்! நிலாவின் தரையில் நாமே நிற்பதுபோல் இருக்கும். சுருங்கிய ஆப்பிள் ஒன்றையும், நரம்போடிய முதிய கை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, நிலா குளிர்ந்து சுருங்கியபோது இப்படித்தான் மலைகள் எழுந்தன என்று காட்டினார். சாந்து உருவங்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லியே போட்டார்.

ஆனால் அந்த அழகில் ஒரு வினை இருந்தது. நாஸ்மித் நிலாப் பள்ளங்களை எரிமலை வாய்கள் என்று நம்பினார். சாய்ந்த வெயிலில் நீண்டு விழும் நிழலைப் பார்த்து மலைகளையும் செங்குத்தாக நினைத்தார். கைக்கு மனம் சொன்னது. சாந்துக்குக் கை சொன்னது. உண்மையில் அந்தப் பள்ளங்களில் பெரும்பாலானவை வானத்திலிருந்து விழுந்த பாறைகள் இடித்தவை என்பதும், மலைகள் வழவழப்பான சரிவுகள் என்பதும், 1969 முதல் 1972 வரை மனிதர்கள் அங்கே போய்க் கல் எடுத்து வந்த காலத்தில் ஐயமறத் தெரிந்துவிட்டன. நாஸ்மித்தின் படம் உண்மையான போட்டோதான். ஆனால் அது நிலாவின் போட்டோ அல்ல, நாஸ்மித்தின் நம்பிக்கையின் போட்டோ.

நான் கதை எழுதுகிறவன். ஒரே சம்பவத்தைப் பத்துச் சாட்சிகள் பத்து விதமாகச் சொல்வதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. சாட்சிகள் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. யோக்கியமானவர்கள் உண்மையாகவே வேறு வேறாகப் பார்ப்பார்கள். சந்திரன் விஷயத்திலும் அப்படி ஒரு வழக்கு வந்தது. அந்த வழக்கில்தான் மங்கலான போட்டோக்களின் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்தது.

ஏதென்ஸ் நகரத்தில் யூலியஸ் ஷ்மிட் என்ற வான சாஸ்திரி இருந்தார். வாழ்நாளையே நிலாவுக்குக் கொடுத்தவர். பிற்பாடு 1878-ல் அவர் வெளியிட்ட படத்தில் 32,856 பள்ளங்களைக் குறித்திருக்கிறார் என்றால் அந்த மனிதரின் பொறுமையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1866-ல் அவர் ஒரு திடுக்கிடும் செய்தியை வெளியிட்டார். நிலாவின் சமவெளி ஒன்றில் லின்னே என்று ஒரு பள்ளம். லோர்மனும் மாட்லரும் அதை ஆழமான பள்ளமாகக் குறித்திருந்தார்கள். இப்போது அங்கே பள்ளம் இல்லை. வெறும் வெள்ளைத் திட்டு மட்டுமே இருக்கிறது! செத்த உலகம் என்று நினைத்த நிலாவில் ஏதோ நடக்கிறது!

ஐரோப்பா முழுவதும் டெலஸ்கோப்புகள் லின்னே பக்கம் திரும்பின. ஒருவர் சிறு பள்ளம் தெரிகிறது என்றார். ஒருவர் மேடு என்றார். ஒருவர் ஒன்றுமே இல்லை என்றார். முதிர்ந்த வயதில் மாட்லரே மறுபடி பார்த்துவிட்டு, தம் காலத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது என்று சொல்லிக் குழப்பத்தை முழுமையாக்கினார். பழைய ஓவியங்களை எடுத்துப் பார்த்தால், வரைந்தவன் கண்டதை வரைந்தானா, கண்டதாக நினைத்ததை வரைந்தானா என்பதை யாரும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான், 'டி லா ரூவும் ரதர்பர்டும் எடுத்த போட்டோக்கள் இருக்கின்றனவே!' என்ற ஞாபகம் வந்தது. லின்னே பேச்சே எழாத நாளில், அதைப் பற்றி எந்த எண்ணமும் இல்லாமல் விழுந்த படங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் வெள்ளைத் திட்டுத்தான்.

வழக்கு அதோடு தீர்ந்துவிடவில்லை. பல வருஷம் நீண்டது. விண்கலங்கள் நிலாவைச் சுற்றி வந்து எடுத்த படங்களில்தான் முழு விவரம் தெரிந்தது. லின்னே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுப் பெரிய, மிகவும் இளமையான பள்ளம். அதைச் சுற்றிலும் வெளேரென்ற தூள் சிதறிக் கிடக்கிறது. சூரியன் உயர்ந்து நிற்கும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். சாய்ந்து நிற்கும்போது நிழலினால் வேறு விதமாகத் தெரியும். நிலா மாறவில்லை. மாறியது வெளிச்சமும் பார்த்தவர்களின் கண்ணும்தான்.

ஓவியம் நிறையச் சொல்லும். ஆனால் அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. போட்டோ கொஞ்சம்தான் சொல்லும். என்றாலும், எடுத்தவனுக்கே தெரியாமல் போன கேள்விக்கு நூறு வருஷத்துக்குப் பிறகும் பதில் சொல்லும். தூக்கம் கெட்டு எடுத்த படங்களின் பயன் இதுதான்.

இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 1953 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் டல்ஸா என்ற ஊரில் லியான் ஸ்டூவர்ட் என்ற டாக்டர் தம் எட்டு அங்குல டெலஸ்கோப்பில் நிலாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நிலாவின் நடுப்பகுதிக்கு அருகே ஒரு பளிச்சென்ற புள்ளி அவர் பிளேட்டில் விழுந்தது. வான்பாறை மோதியதுதான் அது என்று அவர் கருதினார். பலர் நம்பவில்லை. 2003-ல் ஆராய்ச்சியாளர்கள் விண்கலப் படங்களைத் தேடி, அந்த இடத்தில் புத்தம் புதிதாகத் தோன்றும் ஒரு சிறு பள்ளத்தைச் சுட்டிக் காட்டினார்கள். டாக்டர் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்தபோது, மவுண்ட் வில்சன் ஆராய்ச்சிசாலையின் பழைய போட்டோக்களை யாரோ எடுத்துப் பார்த்தார்கள். 1953-க்கு வெகு காலம் முன்பே அந்தப் பள்ளம் அங்கே இருந்திருக்கிறது! ஒரு போட்டோ எழுப்பிய வழக்கில், பழைய போட்டோ ஒன்று வந்து சாட்சி சொல்லிவிட்டது. டாக்டர் கண்ட வெளிச்சம் என்ன என்பது இன்னும் தீரவில்லை.

ஆனால் அமெச்சூர்கள் விடவில்லை. 1999 நவம்பர் 18 அன்று, லியோனிட் எரிகற்கள் பொழிந்த இரவில், டெக்ஸாஸில் பிரையன் கட்னிக் என்பவர் நிலாவின் இருண்ட பகுதியில் ஓர் ஒளிப்பொறியைக் கண்ணால் பார்த்தார். கண் மட்டும் சாட்சியாக இருந்திருந்தால் அதுவும் தர்க்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதே கணத்தை, வெகு தொலைவில் மேரிலாந்தில் டேவிட் டன்ஹாம் வீடியோ நாடாவில் பதிவு செய்துகொண்டிருந்தார். கண் சொன்னதை நாடா உறுதிப்படுத்தியது. நிலாவில் கல் விழுவதை மனிதர்கள் பார்த்ததாகச் சந்தேகமின்றி நிலைநாட்டப்பட்ட முதல் சம்பவம் இதுதான். பிறகு 2019 ஜனவரி 21 சந்திர கிரகணத்தின்போது செக்கச் சிவந்த நிலாவின் ஓரத்தில் மின்னிய பொறி, பல நாடுகளிலும் இருந்த அமெச்சூர்களின் கருவிகளில் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தது.

நாஸ்மித்தின் ஆட்சேபத்துக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. இன்றைய அமெச்சூர் ஒரு படம் எடுப்பதில்லை. சில நிமிஷங்களில் ஆயிரக்கணக்கான படங்களை வீடியோவாக எடுக்கிறான். காற்று அமைதியாக இருந்த கணங்களில் விழுந்தவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டிக் கொடுக்கிறது. ஆயிரத்து ஐந்நூறில் சிலவற்றைப் பொறுக்கிய ஹென்றி டிரேப்பரின் அதே கணக்குத்தான். ஒரு காலத்தில் பெரிய ஆராய்ச்சிசாலைகளுக்கும் எட்டாத விவரங்கள் இப்போது மொட்டை மாடியில் வைத்த எட்டு அங்குலக் கருவியில் கிடைக்கின்றன.

நாஸ்மித்தின் சாந்து நிலாவும் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. சில கைப்பேசிகள், தாம் முன்பே படித்துவைத்த நிலாவின் ஜாடையைக் கொண்டு, காமிராவில் விழாத விவரங்களையும் படத்தில் கூட்டிவிடுகின்றன. 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தை ஒரு கைப்பேசியிடம் காட்டினார். அதில் இல்லாத பள்ளங்களோடு அழகான நிலா வெளியே வந்தது! பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நிலாவில் ஒரு புதுப் பள்ளம் விழுந்தால் அந்தப் படம் காட்டுமா? காட்டாது. அதற்குத் தெரிந்தது நேற்றைய நிலா. நாஸ்மித்தாவது, 'இது சாந்து' என்று புத்தகத்தில் எழுதிப் போட்டார்.

ஆகையால் நிலாவைப் படம் பிடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை. விழுந்ததை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, நிமிஷம், ஊர், என்ன கருவி என்பதை அதனுடன் எழுதிவையுங்கள். டி லா ரூ தம் டெலஸ்கோப்பை 1873-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்தார். அவர் பிளேட்டுகளை அளந்து அங்கே மேலும் ஆராய்ச்சி செய்தார்கள். ஹென்றி டிரேப்பர் 1882-ல் தம் நாற்பத்தைந்தாவது வயதில் இறந்துபோனார். அவர் மனைவி ஹார்வர்டுக்குக் கொடுத்த பொருளைக் கொண்டு தயாரான நட்சத்திர அட்டவணை இன்றைக்கும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. உங்கள் படத்தை இன்று யாரும் கேட்காமல் இருக்கலாம். என்றைக்காவது எவனாவது, 'அன்று இரவு அந்த இடத்தில் என்ன இருந்தது?' என்று கேட்பான். அப்போது தேதி போட்ட படத்துக்குத்தான் வாய் இருக்கும்.